தூத்துக்குடிக்கு ஜோடியாக ஒரு வார இறுதி: மீன், கடல், ஊர்சுற்றல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. சென்னை, கோவை, பெங்களூரில் இருக்கிற உறவுக்காரர்களும் கூட வேலை பார்ப்பவர்களும் "ரெண்டு பேரா வர்றோம்க்கா, ரெண்டு நாள்தான் லீவு, நல்ல மீன் சாப்பிடணும்" என்று போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, நான் சொல்லி வருகிற பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

துறைமுகமும் உப்பளமும் தவிர தூத்துக்குடியில பார்க்க என்னக்கா இருக்கு?

நிறைய இருக்கிறது. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிற மாதிரி இடங்கள் குறைவு. இது வேலை செய்கிற ஊர். படகு கரை சேர்வது, ஏலம் போடுவது, உப்பு வாருவது, பழைய துறைமுகத்தில் தோணியில் சரக்கு ஏற்றுவது, இதெல்லாம்தான் இங்கே காட்சி. கடற்கரைச் சாலையில் மாலை ஐந்து மணிக்குமேல் மெதுவாக நடந்தாலே பனிமய மாதா பேராலயம், டச்சுக்காரர் காலத்துத் திரித்துவ ஆலயம், ரோச் பூங்கா எல்லாம் வரிசையாக வந்துவிடும். அந்தப் பூங்காவுக்குப் பெயர் தந்த ரோச் ஆண்டகை 1923-ல் தூத்துக்குடியின் முதல் ஆயரானவர்.

ஊரை விட்டு வெளியே போனால் தெற்கே காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு. வடக்கே பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம். இரண்டு நாளில் இரண்டு பக்கமும் ஓட நினைக்காதீர்கள். ஒரு திசையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

உப்பளத்தையும் தவிர்க்க வேண்டாம். வெயில் ஏறுமுன், காலை ஆறு மணி வாக்கில் போங்கள். வெள்ளை வெளேர் என்று குவித்த உப்பும், பாத்திகளில் தெரியும் வானமும் அந்த நேரத்தில்தான் அழகு. அங்கே வேலை செய்பவர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கண் கூசும் வெயிலில் வெறுங்காலோடு நிற்கிற மனிதர்கள் அவர்கள்.

எப்படி வர்றது நல்லது? ராத்திரி ரயிலா, விமானமா, காரா?

சென்னையில் இருந்து என்றால் எழும்பூரில் சாயங்காலம் கிளம்பும் முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான் என் முதல் சாய்ஸ். வெள்ளி இரவு ஏறினால் சனி காலையில் ஊருக்குள் இருப்பீர்கள், ஒரு ராத்திரி ரூம் வாடகையும் மிச்சம். திரும்பும்போதும் ஞாயிறு இரவு அதே ரயில். வார இறுதிக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு தொடங்கியதுமே போட்டுவிடுங்கள்.

விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது, நகரத்தில் இருந்து அரை மணி நேரம். 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். காரில் வந்தால் மதுரையில் இருந்து நான்கு வழிச்சாலையில் இரண்டரை மணி நேரம், திருநெல்வேலியில் இருந்து ஒரு மணி நேரம். காரில் வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வசதி, ஏனென்றால் தெற்குக் கடற்கரைச் சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

ரூம் எங்க போடலாம்? கல்யாணச் சான்றிதழ் கேப்பாங்களா?

பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் கடற்கரைச் சாலைக்கும் இடைப்பட்ட பகுதி வசதி. ரயில் நிலையமும் பக்கம், ராத்திரி சாப்பிட்டுவிட்டு நடந்தே வந்துவிடலாம். புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் அறைகள் இருந்தாலும் கடல் தூரமாகிவிடும்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு அடையாள அட்டை வைத்திருங்கள், ஒருவருடையது மட்டும் போதாது. வயது வந்த இருவர், கல்யாணமாகாதவர்களாகவே இருந்தாலும், ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சில விடுதிகள் தங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். புதுசாகக் கல்யாணம் ஆகி, அட்டைகளில் முகவரி வேறுவேறாக இருந்தால், பதிவு செய்யும்போதே போனில் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ரயிலில் இருந்து இறங்கிய களைப்போடு வரவேற்பு மேசையில் நின்று பேச வேண்டியிருக்காது.

எந்த மாசம் வரலாம்?

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முதல் பாதி. வெயில் தாங்கும், மீன் தாராளம், உப்பளங்களில் வேலை தொடங்கியிருக்கும். குளிர்காலத்தில் உப்பளத்துப் பக்கம் பூநாரைகளும் வந்து போகும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எல்லா ஆண்டும் மோசமாக இருக்காதுதான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, மாவட்டமே தண்ணீரில் நின்றது. அந்த மாதங்களில் வருவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னால் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். புயல் எச்சரிக்கை என்றால் படகுகளும் கடலுக்குப் போகாது, மீனும் இருக்காது.

திருவிழா நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பனிமய மாதா திருவிழா ஜூலை 26 கொடியேற்றம் முதல் ஆகஸ்ட் 5 வரை. குலசேகரன்பட்டினம் தசரா நவராத்திரி சமயம். திருச்செந்தூர் கந்தசஷ்டி அதற்குப் பிறகு, ஐப்பசியில். இவற்றைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் பிரமாதம். அமைதியான வார இறுதிதான் வேண்டும் என்றால் அந்தத் தேதிகளில் அறையும் கிடைக்காது, சாலையில் இடமும் கிடைக்காது.

சனிக்கிழமை என்ன, ஞாயிற்றுக்கிழமை என்ன? ஒரு கணக்கு சொல்லுங்க.

இந்தப் பயணத்தில் எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நிறைய பேர் சனிக்கிழமை முழுக்கச் சுற்றிவிட்டு, "ஞாயிறு மதியம் நிதானமா மீன் சாப்பிடலாம்" என்று வைத்துக்கொள்கிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். இந்தக் கடற்கரையில் மீனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், ஞாயிறு கோயிலுக்கு உரிய நாள், கடலுக்குப் போவது குறைவு. பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கிற நாட்டுப்படகுகள் ஞாயிறைக் கணக்கு வைத்து, சனிக்கிழமைதான் திரேஸ்புரம் படகுத்துறையில் அதிகமாகக் கரை சேரும். வாரத்தில் அன்றைக்குத்தான் மீன் வகையும் அதிகம், கூட்டமும் அதிகம்.

ஆகவே சனி காலை குளித்துவிட்டு நேரே திரேஸ்புரம் போய் வேடிக்கை பாருங்கள். மதியம் மீன் சாப்பாடு. கொஞ்ச நேரம் தூங்குங்கள், வெயிலில் அலைய வேண்டாம். மாலை பேராலயம், கடற்கரைச் சாலை. இரவு பரோட்டா. ஞாயிறு அதிகாலை உப்பளம், பிறகு தெற்கே கடற்கரைச் சாலையில் மணப்பாடு வரை போய்த் திரும்பி ரயில் ஏறுங்கள். இடத்தைப் பார்த்துத் திட்டம் போடாமல் படகு வரும் நாளைப் பார்த்துத் திட்டம் போட்டால் இந்த ஊர் உங்களுக்கு நன்றாகக் கைகொடுக்கும்.

ஏலம் நடக்கிற இடத்துக்கு நாம போகலாமா? துரத்திட மாட்டாங்களே?

போகலாம், யாரும் துரத்த மாட்டார்கள். ஆனால் அது அவர்களுடைய பிழைப்பு நடக்கிற இடம். ஏலக்காரர் விலையைக் கூவும்போது நடுவில் போய் நிற்காதீர்கள், கூடைகளைத் தாண்டாதீர்கள். தரை எப்போதும் ஈரம், மீன் தண்ணீர் வழுக்கும். பழைய செருப்பு, மடித்துவிடக்கூடிய உடுப்பு போதும். பட்டுப்புடவையோடு படம் எடுக்க வந்து சிரமப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திரேஸ்புரம் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகுகள் நிற்பது மீன்பிடித் துறைமுகத்தில். அவை விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும் என்பது இங்கே விதி. அதனால் அங்கே ஏலம் இரவில்தான் சூடுபிடிக்கும். ராமேஸ்வரம் மாதிரி காலையில் விசைப்படகு வந்து சேரும் என்று எதிர்பார்த்துப் போனால் காலித் துறைமுகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

ஏலத்தில் கூடை கூடையாகத்தான் போகும், இரண்டு பேருக்கு ஒத்துவராது. ஏலம் எடுத்த பெண்கள் பக்கத்திலேயே சில்லறையாக விற்பார்கள், அவர்களிடம் ஒரு கிலோ, அரைக் கிலோ வாங்கலாம். சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சுத்தம் செய்து வெட்டித் தர அங்கேயே ஆள் உண்டு, அதற்குத் தனிக் கூலி.

ஹோட்டல்ல என்ன மீன் சொல்றது? எங்களுக்கு வஞ்சிரம் தவிர எதுவும் தெரியாது.

வஞ்சிரம் இங்கே சீலா. கிடைக்கும், ஆனால் விலை கூடின மீன். சந்தையிலேயே கிலோ ஆயிரத்தைத் தாண்டுகிற நாட்கள் உண்டு. அதை உங்கள் ஊரிலும் சாப்பிடலாம். இங்கே வந்தால் விளைமீன், ஊளி, பாறை, முரல் என்று கேளுங்கள். விளைமீன் குழம்புக்கு. பாறை குழம்புக்கும் பொரியலுக்கும் ஆகும். முரலைப் பொரித்தால் அதன் ருசியே தனி. சாளையையும் நெத்திலியையும் மலிவு மீன் என்று ஒதுக்காதீர்கள். அன்று வந்த சாளையைப் பொரித்துச் சுடச்சுடத் தின்றால் சீலாத் துண்டு ஞாபகத்துக்கு வராது.

உட்கார்ந்ததும் மெனு அட்டையைத் திறக்காமல், "இன்னைக்கு என்ன வந்திருக்கு?" என்று கேளுங்கள். வீட்டுப் பக்குவத்தில் சமைக்கிற சின்னக் கடைகளில் இந்தக் கேள்விக்கு ஒரு மரியாதை உண்டு, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றியிருப்பார்கள், புளிப்பு கொஞ்சம் முன்னால் நிற்கும். மாங்காய் காலத்தில் மாங்காய் போட்ட குழம்பு இருந்தால் விடாதீர்கள். கணவாய் தொக்கு, சுறாப் புட்டு, நண்டு மசாலா இதெல்லாம் ஒவ்வொன்றாக, இருவரும் பகிர்ந்து சாப்பிடுகிற மாதிரி வாங்குங்கள். இரண்டு பேர் மூன்று வகைக்கு மேல் போனால் வீணாகும். மதியம் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், நல்ல வகை முதலில் தீரும்.

சிங்கி இறாலும் பெரிய நண்டும் எடைக்கு விலை. சமைக்கச் சொல்லும் முன் எடை என்ன, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்டுத்தான் சாப்பிடுகிறோம்.

மீன் புதுசா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முழு மீனைப் பார்த்தால் கண் தெளிவாக, கொஞ்சம் புடைத்து இருக்க வேண்டும். செவுளைத் தூக்கினால் சிவப்பு. விரலால் அழுத்தினால் குழி விழாமல் திரும்ப வேண்டும். மோந்து பார்த்தால் கடல் வாடைதான் வர வேண்டும், புளித்த வாடையோ காரமான வாடையோ கூடாது. நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு ஏற்ற கனம் இருந்தால் சதை இருக்கிறது. லேசாக இருந்தால் சட்டை உரித்து அதிக நாள் ஆகாத நண்டு, உள்ளே தண்ணீர்தான்.

குழம்பில் வந்த துண்டு என்றால், சதை முள்ளை விட்டு இதழ் இதழாகப் பிரிய வேண்டும். மாவு மாதிரி குழைந்தால் பழசு.

என் வீட்டுக்காரர் சுத்த சைவம். அவருக்கு இந்த ஊர் சரிப்படுமா?

சரிப்படும். ஊருக்குள் நல்ல சைவ உணவகங்கள் உண்டு, திருநெல்வேலிப் பக்கத்துச் சமையல்தான், சில இடங்களில் சொதியும் கிடைக்கும். மதியத்துக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்யுங்கள்: மீன் கடையில் சைவச் சாப்பாடும் போடுவார்கள், ஆனால் ஒரே சமையலறை, ஒரே கரண்டி. அது அவருக்கு ஆகாது என்றால் அவரைச் சைவக் கடையில் நிதானமாகச் சாப்பிட வைத்துவிட்டு நீங்கள் மீன் கடைக்குப் போய்வாருங்கள். பக்கத்தில் உட்கார வைத்து வாடையைச் சகித்துக்கொள்ளச் சொல்வதைவிட அது இருவருக்கும் நிம்மதி.

ஒன்று முக்கியம்: தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி சேர்த்து அடித்துச் செய்வது. மாவு கிடையாது, ஆனால் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாதவரிடம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

"நைட் கிளப் போகலாம்"னு நண்பர் சொன்னார். என் மனைவியைக் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. எங்கள் ஊரில் நைட் கிளப் என்றால் ராத்திரிப் பரோட்டாக் கடை. குடும்பமாகத்தான் போகிறோம். எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். கூடவே கோழி வறுவல். மதியம் மீன் ஒரு பிடி பிடித்திருந்தால் இரவு ஆளுக்கு இரண்டு பரோட்டாவே நிறைவாக இருக்கும்.

நாங்க இந்துக்கள். மாதா கோயிலுக்குள்ள போகலாமா?

போகலாம், இந்த ஊரில் எல்லா மதத்தாரும் போகிறோம். மாதா சொரூபம் 1555-ல் மணிலாவில் இருந்து வந்தது. இப்போதுள்ள ஆலயம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1982-ல் பசிலிக்கா என்ற உயர்நிலை கிடைத்தது. சில குறிப்பிட்ட ஆண்டுகளில் மட்டும் தங்கத்தேர் இழுப்பார்கள், கடைசியாக 2023-ல் நடந்தது.

திருப்பலி நடக்கும்போது பின்வரிசையில் அமைதியாக உட்காருங்கள், நடந்து நடந்து படம் எடுக்க வேண்டாம். சாதாரண, உடலை மூடிய உடுப்பு போதும். இந்தக் கரையின் மீனவர்களான பரதவ மக்களுக்கு இந்தத் தாய் எவ்வளவு நெருக்கம் என்பதைக் கடலுக்குப் போகிறவர் ஒருவர் கண்மூடி நிற்பதைப் பார்த்தால் புரியும்.

தூத்துக்குடி பீச்சுல குளிக்கலாமா?

நகரத்துக் கரையில் வேண்டாம். தீவுகள் மறைப்பதால் அலை குறைவு, பார்க்கச் சாது. ஆனால் அடியில் சேறு, படகுப் போக்குவரத்து, ஊர்க் கழிவும் சேரும் இடம். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். முத்துநகர் கடற்கரை உட்கார்ந்து பேச நல்ல இடம். குளிக்க வேண்டும் என்றால் திருச்செந்தூரில் மக்கள் கூட்டமாகக் குளிக்கிறார்கள், அங்கேயும் காவலர் அனுமதிக்கிற பகுதியில் மட்டும் இறங்குங்கள். பௌர்ணமி, அமாவாசை சமயங்களில் அங்கே கடல் உள்வாங்குவது உண்டு. வெளியே தெரிகிற பாறைகளின் மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம், பாசி வழுக்கும்.

தீவுக்கு போட்ல கூட்டிட்டுப் போவாங்களாமே? பவளப்பாறை பார்க்கணும்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. நமக்கு எதிரே இருப்பவை வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி, விலங்குசல்லி. இவற்றில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும், சுற்றுலாவுக்கு அது கிடைக்காது. "நான் கொண்டுபோய் விடுறேன்" என்று தனியாகப் படகு பேசுகிறவரோடு போகாதீர்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் மேலும் வரும்.

விதி இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். தடுப்பு போன பிறகு தீவுகள் அரிக்கத் தொடங்கின. விலங்குசல்லி ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டது. வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். மீன் குஞ்சுகள் வளர்வது அந்தப் பாறைகளில்தான், நாம் சாப்பிடுகிற விளைமீன் உட்பட. முயல் தீவுக்குச் சாலை இருக்கிறது, ஆனால் அது துறைமுக எல்லைக்குள் இருப்பதால் நினைத்த நேரத்தில் போக முடியாது.

இங்க இருந்து கப்பல்ல இலங்கை போகலாமா?

இப்போது முடியாது. 2011-ல் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், சில மாதங்களில் நின்றுவிட்டது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி ஆங்கிலேயருக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தக் கரையில் இருந்துதான். துறைமுகத்துக்கு இன்று அவர் பெயர். கப்பலில் இலங்கை போக வேண்டும் என்றால் நாகப்பட்டினத்தில் விசாரியுங்கள்.

திருச்செந்தூரும் மணப்பாடும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில முடியுமா?

முடியும், தரிசனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பொறுத்து. திருச்செந்தூர் 40 கி.மீ., அங்கிருந்து மணப்பாடு இன்னும் 18 கி.மீ. ஞாயிறு கோயிலில் கூட்டம் இருக்கும். கிருத்திகை, விசாகம், விடுமுறை நாள் என்றால் அரை நாள் போய்விடும். செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது, ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். கூட்டம் அதிகமென்று தெரிந்தால் ராஜகோபுரத்தை வெளியே நின்று வணங்கிவிட்டு மணப்பாட்டுக்குப் போங்கள் என்பேன். தரிசனமே நோக்கம் என்றால் மணப்பாட்டை விட்டுவிடுங்கள். இரண்டையும் அவசரமாகச் செய்தால் இரண்டுமே மனதில் நிற்காது.

மணப்பாடு இந்தப் பயணத்தில் நான் மிகவும் விரும்பிச் சொல்கிற இடம். மணல் குன்று, மேலே 1581-ல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம், கீழே புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, ஒரு பக்கம் வளைந்த கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி. அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களும் உண்டு. குன்றில் நிழல் குறைவு. பத்து மணிக்கு முன்னாலோ நாலு மணிக்குப் பிறகோ போங்கள். தண்ணீர், தொப்பி வேண்டும். வழியில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் இருக்கிறது. இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதும் அந்த ஊர்ப்பக்கம்தான். நேரம் மிச்சம் இருந்தால் உடன்குடிக் கருப்பட்டி வாங்குங்கள், சிவந்த தேரி மணலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கோயில், கடல் எல்லாம் பார்த்தாச்சு. வரலாறு பிடிக்கும்னா?

வடக்கே போங்கள். பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் நினைவுக் கோட்டை 1974-ல் கட்டியது, பக்கத்தில் பழைய கோட்டையின் அடித்தளம் தெரியும். ஓட்டப்பிடாரம் வ.உ.சி. பிறந்த ஊர், எட்டயபுரம் பாரதி பிறந்த ஊர். மூன்றும் அரை நாளில் முடியும். மேற்கே தாமிரபரணி ஓரம் ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழியை இருந்த இடத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கொற்கைக்கும் போகலாம், ஆனால் பாண்டியர் துறைமுகம் இன்று கடலில் இருந்து விலகி வயலுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர், பார்க்கக் கட்டடம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

முத்து நகரம்னு பேரு. அவளுக்கு ஒரு முத்து வாங்கிக் கொடுக்கலாம்னு நினைச்சேன்.

நல்ல எண்ணம். ஆனால் இங்கே கடலில் குளித்து எடுத்த முத்து என்று நம்பி வாங்காதீர்கள். அரசு நடத்திய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். கடைகளில் இருப்பது பெரும்பாலும் வேறு இடங்களில் வளர்த்த முத்து. அது தெரிந்தே, பிடித்த விலையில் வாங்கினால் தவறில்லை. ரசீது கேளுங்கள்.

சங்கு குளிப்பது இன்றும் நடக்கிற தொழில், சாதாரண வெண்சங்கு வாங்கலாம். வலம்புரி என்று பெரிய விலை சொன்னால் விலகிவிடுங்கள், வேறு நாட்டுச் சங்கு வகையை அந்தப் பெயரில் விற்பது உண்டு. பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை, சில வகை அலங்காரச் சங்குகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கரையில் கிடந்த பவளத்தைப் பையில் போட்டுக்கொண்டாலும் குற்றம்தான்.

தடைக்காலத்துல லீவு கிடைச்சிருக்கு. வந்தா மீன் இருக்குமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் முட்டையிடும் காலம். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, அதனால் மீன் இருக்கும், வகை குறையும், விலை ஏறும். சனிக்கிழமைக் கணக்கைப் பற்றி மேலே சொன்னது இந்த மாதங்களில் இன்னும் முக்கியம். பெரிய ஹோட்டலில் சீலாவும் பெரிய இறாலும் வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், ஐஸில் வைத்ததாகவோ மேற்குக் கடற்கரையில் இருந்து வந்ததாகவோ இருக்கலாம். அன்றைக்கு வந்த சாளை, முரல் போதும் என்கிற மனசு இருந்தால் தாராளமாக வாருங்கள். வெயில்தான் கடுமை.

போன தடவை எங்கயோ மீன் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. எனக்கு மீனே ஆகாதா?

இரண்டு வாய்ப்பு இருக்கிறது. இறால், நண்டு, கணவாய் மாதிரி ஏதாவது ஒன்று உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அது ஒவ்வொரு முறையும் வரும், மூச்சுத் திணறல் வரை போகலாம். மருத்துவரிடம் உறுதி செய்யாமல் இங்கே வந்து சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெளியில் வைத்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. இது மீனைக் கையாண்ட விதத்தில் வந்த கோளாறு. ஒரே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் அப்படி ஆனதா என்று யோசித்துப் பாருங்கள், மருத்துவரிடம் சொல்ல அது உதவும். இறால் ஆகாது என்றால் கடையில் முதலிலேயே சொல்லுங்கள், ஒரே எண்ணெயில் எல்லாவற்றையும் பொரிப்பார்கள்.

மனைவி மாசமா இருக்கா. மீன் கொடுக்கலாமா?

மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை நன்றாக வெந்த மீன் நல்லதுதான். சுறா, பெரிய சூரை மாதிரி மற்ற மீன்களைத் தின்று பெருக்கிற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேரும், அவற்றைத் தவிருங்கள். எனவே சுறாப் புட்டு இந்த முறை வேண்டாம். சாளை, நெத்திலி, காரல் போன்ற சின்ன மீன்கள் பாதுகாப்பு. பிள்ளை பெற்ற பிறகு பால் சுரக்க காரல் மீன் குழம்பு வைத்துக் கொடுப்பது இந்தக் கரையின் வழக்கம். ஏலம் நடக்கிற இடத்துக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள், தரை வழுக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா.

ஊருக்கு மீன் வாங்கிட்டுப் போகணும். ரயில்ல நாத்தம் அடிக்காம எப்படி?

பச்சை மீன் என்றால் ரயில் ஏறும் நாள் ஞாயிறு, அன்று வரத்து குறைவு. சனிக்கிழமையே வாங்கினால் ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். அதனால் இரண்டு நாள் பயணத்தில் பச்சை மீன் வேண்டாம் என்பதே என் யோசனை. காரில் வந்தவர்கள் தெர்மகோல் பெட்டியில் கீழே ஒரு அடுக்கு ஐஸ், மேலே ஒரு அடுக்கு ஐஸ் போட்டு, டேப் ஒட்டிக் கொண்டுபோகலாம். மதுரை, கோவை வரை தாங்கும். விமானத்தில் என்றால் நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள்.

ரயிலுக்கு ஏற்றது மாசிக் கருவாடு. சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் கட்டையாகக் காயவைப்பது. வாடை குறைவு, பல மாதம் கெடாது. கல்லில் தட்டித் தூளாக்கி, சின்ன வெங்காயம், தேங்காயோடு அரைத்தால் சோற்றுக்கு அருமையான துவையல். மற்றக் கருவாடுகளை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிடுங்கள். கருவாட்டைத் தொட்டுப் பாருங்கள், ஈரப்பசை இருந்தால் பூஞ்சை பிடிக்கும், வாங்க வேண்டாம்.

மக்ரூனைத் தனிப்பையில் வையுங்கள், கருவாட்டோடு சேர்த்தால் வாடை ஏறிவிடும். காற்றுப் பட்டால் நமத்துப் போகும், டப்பாவை அடிக்கடி திறக்காதீர்கள். லேசாக உடையக்கூடியது என்பதால் கைப்பையில் மேலாக வைத்து, ஏறியதும் சீட்டுக்கு அடியில் தள்ளாமல் மேல் பர்த்தில் வைத்துக்கொள்ளுங்கள்.